எட்டு வயதுப் பெடியனுக்கு ஓப்சைட் எதற்கு?

போன தைப்பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊர்க் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு உதைபந்தாட்ட மட்ச் வைத்தோம். முழுக் கிறவுண்ட், பக்கத்துக்குப் பதினொரு பேர், ஐந்தாம் நம்பர் பந்து. நான் கோட்டுக்கு வெளியே நின்று ஒரே ஒரு பெடியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் அவன் காலில் பந்து பட்டது மூன்று தரம். அதிலும் ஒன்று யாரோ அடித்தது முழங்காலில் பட்டுத் தெறித்தது. மிச்ச நேரம் ஓடினான், நின்றான், வானத்தில் பட்டம் பார்த்தான். நாங்கள் வெளியில் நின்று "அடியடா, அடியடா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கணக்குத்தான். இன்றைய பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையின் காலும் பந்தை எத்தனை தரம் தொட்டது? வயதுக்கு ஏற்றபடி எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை ஒத்திப்போடுவது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஐந்தாறு பந்தும் முப்பது பிள்ளைகளுமாகத் தனியாக நிற்கிற கோச்மாருக்காக இதை எழுதுகிறேன்.

ஆறு முதல் எட்டு வரை

இந்த வயதில் பந்து என்றால் "என்னுடைய பந்து". பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடு என்றால், ஏன் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைக்கு உண்மையாகவே விளங்காது. பலாப்பழத்தில் இலையான் மொய்த்த மாதிரி எல்லாரும் பந்தைச் சுற்றியே ஓடுவார்கள். விடுங்கள். "இடம் பிடி, இடம் பிடி" என்று கத்தி ஒரு பயனும் இல்லை, ஓப்சைட் (பந்து கொடுக்கிற நேரத்தில் எதிரணிக் காப்பாளர்களைத் தாண்டிக் கோலுக்குக் கிட்ட நிற்கக் கூடாது என்ற விதி) பேச்சே வேண்டாம்.

ஆளுக்கொரு பந்து வேண்டும். மூன்றாம் நம்பர் பந்து நல்லது, கிடைக்காவிட்டால் இரப்பர் பந்தும் போதும். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கோலுக்கு அடிக்க விடுவதுதான் எங்கள் ஊரில் வழமை, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். பத்தாவதாக நிற்கிற பிள்ளை மண் கிளறிக்கொண்டிருப்பான்.

கள்ளன் பொலிஸ் விளையாட்டைப் பந்தோடு வையுங்கள். ஒரு சதுரம் கீறி எல்லாரையும் பந்தோடு உள்ளே விட்டால், பந்து இல்லாத இரண்டு பொலிஸ் மற்றவர்களின் பந்தைத் தட்டி வெளியே அனுப்புவார்கள். பந்து வெளியே போனவனை உட்கார்த்தி வைக்காதீர்கள், ஏனென்றால் முதலில் பந்தை விடுகிறவனுக்குத்தான் பயிற்சி கூடத் தேவை. பந்தின் மேல் உள்ளங்காலைப் பத்துத் தரம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு அவன் மறுபடி உள்ளே வரட்டும்.

அதைவிட நல்லது எங்களுடைய கிளித்தட்டுதான். கோடு கீறுங்கள், கோட்டுக்கு ஒருவன் மறிக்கட்டும், அவன் தன் கோட்டிலேயே இடமும் வலமும் மட்டும் அசையலாம். மற்றவர்கள் பந்தை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகத் தாண்ட வேண்டும். உடம்பை ஒரு பக்கம் சாய்த்து ஏமாற்றி மறுபக்கத்தால் வெட்டிப் போவதை நாங்கள் எல்லாரும் கிளித்தட்டில்தானே பழகினோம்? அதைக் காலில் பந்தோடு செய்தால் டிரிபிளிங். பெரிய பெயர் சொல்லி விளக்கவே தேவையில்லை.

கடைசி இருபது நிமிடம் நாலுக்கு நாலு மட்ச். கோல் காப்பாளர் வேண்டாம், இரண்டு செருப்பை வைத்தால் அது கோல். முப்பது பிள்ளைகள் என்றால் பக்கத்தில் பக்கத்தில் நாலு மட்ச் ஓடும், மத்தியஸ்தரும் தேவையில்லை, தங்களுக்குள் சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்வார்கள். மொத்தம் முக்கால் மணி நேரம் போதும்.

ஒன்பது முதல் பதினொன்று வரை

பந்தைக் கையாளும் நுட்பம் காலில் ஊறுகிற வயது இது. இந்த மூன்று வருடத்தை வீணாக்கினால் பின்னால் பிடிப்பது கஷ்டம், ஆகவே நானும் கூட நேரம் செலவழிப்பது இவர்களோடுதான்.

நாலாம் நம்பர் பந்து, ஏழுக்கு ஏழு மட்ச். இரண்டு காலும் வேலை செய்ய வேண்டும். வீட்டுப்பாடம் கொடுங்கள்: மதிலுக்கு நேரே நின்று இடது காலால் ஐம்பது, வலது காலால் ஐம்பது, திரும்பி வருகிற பந்தை நிறுத்தி அடிக்க வேண்டும், கண்டபடி அடிக்கக் கூடாது. அம்மா மதில் ஊத்தையாகுது என்று ஏசுவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம். இதற்கு நான் செய்வது சின்ன வேலை. பந்தை வாங்கப் போகிற பிள்ளைக்குப் பின்னால் இன்னொருவன் நின்று விரல்களைக் காட்டுவான். பந்து வந்து சேருவதற்கு முன் இவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பந்தும் தவறும், எண்ணும் தவறும், எல்லாரும் சிரிப்பார்கள். நாலைந்து கிழமை விடாமல் செய்யுங்கள், மட்சிலும் தானாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

நடுவில் ஒருவன், சுற்றி நாலு பேர், பந்தைப் பறிகொடுக்காமல் மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு பின்னேரமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் இதன் அருமை தெரியும். அந்தக் காற்றுக்கு எதிராக உயர்த்தி அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வரும், நிலத்தோடு கொடுத்து வாங்கத் தெரிந்த அணிதான் தப்பும்.

பந்தைத் தலையால் முட்டுவது இந்த வயதுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 2015இல் பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடுத்துவிட்டார்கள், இங்கிலாந்தில் 2020இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழக வேண்டும் என்றால் பிறகு பழகலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. கொஞ்சம் உடம்பான பெடியன் என்றால் நேரே கோலுக்குள், உயரமானவன் என்றால் பின்னுக்கு, கோச்சின் மகன் என்றால் முன்னுக்கு! இந்த வழக்கத்தைக் கைவிடுங்கள். கோல் காப்பாளர் உட்பட எல்லா இடத்திலும் எல்லாரும் விளையாடட்டும், ஒவ்வொரு கிழமையும் மாற்றுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வருடத்தில் பாதிப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். தாய் தகப்பனோடு வாதாடாதீர்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணித்தியாலம் என்று கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சோதனை முடிந்து திரும்பி வருகிறவனை "இப்பதான் வழி தெரிஞ்சதோ" என்று நக்கலடிக்கவும் வேண்டாம்.

பன்னிரண்டு முதல் பதினாலு வரை

கோச்மார் கூடப் பிழை விடுவது இங்கேதான். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் தோள் உயரத்துக்கும் வந்திருக்க மாட்டான். பெண் பிள்ளைகள் அநேகமாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் பதினாலை ஒட்டியும் மளமளவென்று வளருவார்கள், ஆளுக்கு ஆள் ஓரிரு வருடம் முன்பின் ஆகும். இன்றைக்கு மட்சை வென்று தருகிறவன் முந்தி வளர்ந்தவனாக மட்டும் இருக்கலாம். மற்றவனுக்கும் வளரும் காலம் வரும், அதுவரை அவன் உங்கள் கிறவுண்டில் நிற்கிறானா என்பதுதான் கேள்வி.

கழகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் உயரம் பாருங்கள். ஒருவன் திடீரென்று நீண்டுவிட்டால் நேற்று வரை அழகாகப் பந்தை நிறுத்தியவன் இன்று தடுமாறுவான். அது சோம்பல் இல்லை, புதுக் கால் அவனுக்கு இன்னும் பழகவில்லை. இந்தக் காலத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் நோவு என்பான், அல்லது குதிக்கால் நோவு என்பான். வளருகிற எலும்பைத் தசைநார் இழுப்பதால் வருகிற நோவுகள் இவை. பாய்ச்சலையும் வேக ஓட்டத்தையும் குறையுங்கள், நோவு தொடர்ந்தால் டொக்டரிடம் அனுப்புங்கள். "நோவைப் பாராமல் ஓடடா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிந்தி வந்ததற்குத் தண்டனையாகக் கிறவுண்டைச் சுற்றிப் பத்து ரவுண்ட் ஓட விடுகிற பழக்கத்தையும் இதோடு மூட்டை கட்டுங்கள்.

ஓப்சைட்டை இப்போது சொல்லிக்கொடுக்கலாம். ஒன்பதுக்கு ஒன்பது, இரண்டு பேர் ஒருவனைத் தாண்டுவது, மூன்று பேர் இரண்டு பேரைத் தாண்டுவது. "எப்போது கொடுப்பது, எப்போது தானே கொண்டுபோவது" என்ற கேள்வியை அவர்களிடமே கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விளையாட்டை விடுகிற வயதும் இதுதான். அவர்களுக்குக் கால் இல்லாமலா? தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்றிருக்கிறது. தடுப்பது வேறு விஷயங்கள்: இருட்ட முதல் வீட்டுக்குப் போக வேண்டும், உடை மாற்ற மறைவான இடம் வேண்டும், கிறவுண்டில் ஒரு ரீச்சரோ அக்காவோ நிற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுத் தாய்மாரோடு பேசிப் பாருங்கள்.

பதினைந்துக்கு மேல்

இவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் 11+ என்ற சூடேற்றும் பயிற்சி பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகவே செய்தது, சுமார் 20 நிமிடம், சாமான் ஒன்றும் பெரிதாகத் தேவையில்லை, கிழமைக்கு இரண்டு தரமாவது செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்தன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெடியள் அலுப்பு என்று முனகுவார்கள், கப்டனை முன்னால் விட்டுச் செய்விக்கவும்.

ஆட்ட முறை ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே பருவம் முழுக்கப் பழக்குங்கள். மட்சைப் போனில் பதிந்து பத்து நிமிடம் மட்டும் எல்லாருமாகப் பாருங்கள், யாரையும் பெயர் சொல்லித் திட்டாமல்.

எந்த வயதென்றாலும் தலையில் பலமாக அடிபட்டால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது, "எனக்கு ஒன்றுமில்லை அண்ணை" என்றாலும் முடிந்தது. இடி முழங்கினால் உடனே எல்லாரும் கட்டிடத்துக்குள், பனைக்குக் கீழே ஒதுங்க விடாதீர்கள். வெயில் காலத்தில் நாலரைக்கு முன் தொடங்க வேண்டாம், கால் மணிக்கு ஒருதரம் தண்ணீர்.

ஏ.எல். (உயர்தர வகுப்பு) பெடியளுக்குப் பின்னேரம் முழுக்க ரியூசன். அவர்களுக்கு விடிய ஆறு மணிக்குத்தான் பிறக்டிஸ் வைக்க முடியும். கேற் திறப்பை முதல் நாள் இரவே வாங்கி வைத்துவிடுங்கள், காவல்காரர் அந்த நேரத்துக்கு எழும்ப மாட்டார்.