ஏஐ செய்த விளம்பரமா? வாங்கும் முன் சோதிக்கும் வழி

தீபாவளிக்குப் பல வாரம் இருக்கும்போதே முகநூலிலும் டிக்டாக்கிலும் சேலை விளம்பரங்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். முன்பு ஒரு நல்ல விளம்பரத்துக்கு மாடல், படப்பிடிப்பு, எடிட்டிங் என்று செலவு இருந்தது. இப்போது ஏஐ கருவியில் நாலு வரி எழுதினால் படமும் காணொளியும் தமிழ்க் குரலும் சில நிமிடத்தில் தயார். ஒரே சேலைக்குப் பல விதமாகச் செய்து போடலாம். அதில் எது உங்கள் விரலை நிறுத்துகிறது என்று பார்த்து, உங்களைப் போன்றவர்களிடம் அதையே காட்டும் வேலையை முகநூலை நடத்தும் மெட்டா, கூகுளின் இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரருக்கு லாபம்தான். ஏமாற்றுக்காரனுக்கும் அதே கருவிதான். ஆகவே விளம்பரத்தின் மெருகை வைத்துக் கடையை எடைபோட முடியாது.

முதலில் உங்களைப் பற்றி இயந்திரத்துக்குப் போகும் தகவலைக் குறையுங்கள். முகநூல் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' திறந்து, 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்' உள்ளே 'ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ்' என்பதைத் தேடுங்கள். நீங்கள் பார்த்த மற்ற கடைகளும் செயலிகளும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பிய பட்டியல் அங்கே இருக்கும். பழையதை அழித்துவிட்டு, இனி வருவதையும் துண்டியுங்கள். முகநூல் கணக்கை வைத்து உள்நுழைந்த சில செயலிகள் மறுபடி உள்நுழையச் சொல்லலாம். அந்தக் கடவுச்சொற்களை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தட்டி, 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' (விளம்பரக்காரர்கள் உங்கள் கைப்பேசியை அடையாளம் காணும் எண்ணை அழிப்பது) கொடுங்கள். ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', பிறகு 'டிராக்கிங்' போய், செயலிகள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். கூகுள் விளம்பரங்களுக்கு 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் இதேபோல் அணைக்கலாம். இதையெல்லாம் செய்தாலும் விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. குறி வைக்கும் துல்லியம்தான் குறையும்.

மெட்டாவின் அரட்டை உதவியாளரான மெட்டா ஏஐயிடம் நீங்கள் கேட்பதும் 2025 டிசம்பர் 16 முதல் விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுகிறது. மதம், அரசியல், உடல்நலம் போன்ற பேச்சுகளை விளம்பரத்துக்கு எடுப்பதில்லை என்கிறது மெட்டா. இருந்தாலும், மகள் கல்யாணத்துக்கு நகை பார்ப்பதை அதனிடம் சொன்னால் நகை விளம்பரம் வரும் என்று எதிர்பாருங்கள்.

இன்னொன்று: மோசடி விளம்பரத்தின் கீழே 'ஏமாறாதீர்கள்' என்று கருத்து எழுதுவதில் பயனில்லை. நல்லது, கெட்டது என்று பாராமல் அதையும் ஈடுபாடாகவே இயந்திரம் கணக்கில் எடுக்கும். கருத்தை நீக்கிவிடவும் விளம்பரக்காரனால் முடியும். மூன்று புள்ளியை அழுத்திப் புகார் கொடுத்துவிட்டு நகருங்கள்.

இனி, வாங்கத் தோன்றும் விளம்பரத்தைச் சோதிக்கும் முறை. படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதில் முடித்துவிடாதீர்கள். சேலையின் ஜரிகைக் கோலம் மடிப்பைத் தாண்டித் தொடர்கிறதா, முந்தானையின் புட்டா ஒரே அளவில் இருக்கிறதா, பின்னால் தெரியும் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் உதவும். ஆனால் கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறுகின்றன, கண்ணை நம்பினால் ஒருநாள் தோற்போம். நம்பத்தக்க சோதனைகள் விளம்பரத்துக்கு வெளியே இருக்கின்றன.

அந்த முகநூல் பக்கத்தின் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியைத் திறங்கள். பக்கம் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், பல பக்கங்களுக்கு நிர்வாகிகள் இருக்கும் நாடும் தெரியும். 'ஜார்ஜ்டவுனில் மூன்று தலைமுறைக் கடை, மூடுவிழாத் தள்ளுபடி' என்று சொல்லும் பக்கம் போன மாதம் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வயதான தம்பதி கண்கலங்கக் கடையை மூடும் படம் பல நாடுகளில் சுற்றிய பழைய தந்திரம். அடுத்து மெட்டாவின் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கும் 'ஆட் லைப்ரரி' தளத்தில் நாடு மலேசியா என்று வைத்துக் கடைப் பெயரைத் தேடுங்கள். இப்போது ஓடும் விளம்பரங்களும் ஒவ்வொன்றும் தொடங்கிய தேதியும் வரும். ஒரே பக்கம் சேலை, முழங்கால் எண்ணெய், டிரில் மெஷின் என்று கலந்து விற்றால் அது சேலைக்கடை அல்ல.

இன்னும் சந்தேகமா? புலனத்தில் (வாட்ஸ்அப்) கடைக்காரரிடம் ஒரு காணொளி கேளுங்கள்: அதே சேலையை விரித்து, பக்கத்தில் இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாள் இருக்க வேண்டும். பினாங்கு லெபோ பாசார் கடைக்காரரோ கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைக்காரரோ சில நிமிடத்தில் அனுப்பிவிடுவார். 'ஸ்டாக் முடியப் போகிறது, முன்பணம் கட்டுங்கள்' என்றே திரும்பத் திரும்பப் பதில் வந்தால் பதில் சொல்வது சாட்பாட்டோ (தானாகப் பதில் எழுதும் நிரல்) ஏமாற்றுக்காரனோ, இரண்டுக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

மருந்து விளம்பரத்துக்கு இவ்வளவு பாடே தேவையில்லை. மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், இருதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் உட்பட 20 நோய்களைக் குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே வெள்ளைக் கோட்டு டாக்டர் காணொளியில் வந்து 'சர்க்கரையை ஒரே வாரத்தில் விரட்டலாம்' என்றால், அவர் நிஜமா டீப்ஃபேக்கா (ஏஐ செய்த போலி உருவமா) என்று ஆராய்வது வீண் வேலை. பொருளை வாங்குவதானால் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்து, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) தளத்தில் தட்டுங்கள். பொருளின் பெயரும் உரிமையாளரும் பொருந்த வேண்டும். வேறு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் நடக்கிறது. முதலீட்டு விளம்பரத்துக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலும் பங்கு ஆணையத்தின் பட்டியலும் உண்டு. அமைச்சரோ கோடீஸ்வரரோ நேரில் பேசுவதுபோல் வரும் காணொளி ஒரு சான்றே அல்ல.

பணம் கட்டும் கட்டத்தில் ஷோப்பி, லசாடாவை விட்டு 'புலனத்தில் வாங்கினால் இன்னும் 20 வெள்ளி குறைவு' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; பொருள் வரும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் பாதுகாப்பு அங்கே போய்விடுகிறது. வங்கிக் கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே ஒன்றும் வராவிட்டால், இதுவரை புகார் வரவில்லை என்றுதான் பொருள். வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையான டுயிட்நவ்வில் வரும் பெயர் கடைப் பெயராக இல்லாமல் தனி ஆளாக இருந்தால் விசாரியுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 997 (தேசிய மோசடி உதவி மையத்தின் எண்) அல்லது உங்கள் வங்கியை அழையுங்கள். பிறகு போலீஸ் புகார். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுப்பதுதான் நோக்கம், அதனால் குடும்பத்தில் கலந்து பேசிக்கொண்டிருக்கும் அரைமணி நேரமும் நஷ்டம்.

மோசடி இல்லை, படத்தில் பட்டு, வந்தது பாலியெஸ்டர் என்றால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனுவில் எதிர்தரப்பின் பெயரும் முகவரியும் தேவை. இதனால்தான் வாங்கும் நாளிலேயே விளம்பரம், விலை, விற்பவரின் பதிவு எண், முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொல்கிறோம்; ஏஐ விளம்பரம் நாளைக்கே வேறு படமாக மாறியிருக்கும், சில நேரம் பக்கமே இருக்காது.