திருப்பிவிடும் தொலைபேசி இலக்கம்: இரண்டாவது அழைப்புக்கு யார் பணம் கட்டுவது?

திருகோணமலையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய்ச் சேரும் ஒருவருக்கு முதல் சில மாதங்களில் வீடும் வேலையும் நிலையாக அமைவதில்லை. ஈஸ்ட் ஹாமில் பகிர்ந்துகொள்ளும் ஓர் அறை, பின்னர் ஹரோவில் தூரத்து உறவினர் வீடு, அதன்பின் வேலை கிடைத்த வேறொரு நகரம் என்று இடம் மாறும்போது, எங்கு மலிவாகச் சிம் அட்டை கிடைக்கிறதோ அதை வாங்கிப் போட்டுக்கொண்டு இலக்கத்தையும் மாற்றிவிடுகிறார்கள். இங்கே உப்புவெளியிலோ உட்துறைமுக வீதியிலோ இருக்கும் தாயார் பழைய இலக்கத்தை அழுத்தி, அறிமுகமில்லாத குரல் ஒன்றைக் கேட்டுத் திகைத்துப்போய்க் கடைக்கு வருகிறார். ரீலோட் போடும் கடையில் இருப்பவன் என்பதால், வெளிநாட்டு அழைப்பில் அழைப்பவரின் பக்கச் செலவு எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வழிகாட்டியும் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது.

இப்படி இடம் மாறுபவர்களைக் குறிவைத்துத்தான் 'எங்கு போனாலும் உங்களோடு வரும் ஒரே இலக்கம்' என்ற விளம்பரங்கள் வருகின்றன. நீங்கள் ஓர் இலக்கத்தைப் பெற்றுக்கொள்கிறீர்கள். அதற்கு வரும் அழைப்புகளை நிறுவனம் நீங்கள் குறிப்பிடும் கையடக்கத் தொலைபேசிக்கோ வீட்டுத் தொலைபேசிக்கோ திருப்பிவிடுகிறது. நீங்கள் சிம் அட்டையை மாற்றினால், திருப்பிவிட வேண்டிய இலக்கத்தை மட்டும் அங்கே மாற்றிக் கொடுத்தால் போதும். பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை வாங்குவதற்கு முன் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருப்பிவிடப்படும் ஒவ்வொரு அழைப்பும் உண்மையில் இரண்டு அழைப்புகளாகும். முதலாவது, அழைப்பவரிடமிருந்து அந்த நிறுவனம் வரைக்கும்; இரண்டாவது, நிறுவனத்திலிருந்து உங்கள் கைக்கு. முதலாவதற்கு அழைப்பவர் பணம் கட்டுகிறார். இரண்டாவதற்கு ஒன்றில் நீங்கள் மாதக் கட்டணமாகவோ நிமிடக் கட்டணமாகவோ கட்டுகிறீர்கள், அல்லது அழைப்பவரிடமிருந்தே கூடுதலாக அறவிட்டு அதிலிருந்து நிறுவனம் ஈடுசெய்துகொள்கிறது. இலக்கம் உங்களுக்கு முற்றிலும் இலவசம் என்று யாராவது சொன்னால், அந்தச் செலவு வேறொருவர் தலையில் விழுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை அடிக்கடி அழைப்பவர் ஊரிலிருக்கும் தாய் தகப்பன் என்றால், அந்த வேறொருவர் அவர்களே.

பிரித்தானியாவில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவைதான் 070 என்று தொடங்கும் 'தனிநபர் இலக்கங்கள்'. அங்கே சாதாரண கையடக்கத் தொலைபேசி இலக்கங்களும் 07 என்றே தொடங்குவதால், மூன்றாவது எண்ணைக் கவனிக்காதவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கட்டணமோ நீண்ட காலம் மிகவும் வேறுபட்டிருந்தது. அழைப்பவரிடம் நிமிடத்துக்கு ஒரு பவுணுக்கும் மேல் அறவிடப்பட்டதும் உண்டு. வைத்தியசாலைக் கட்டில்களின் அருகே பொருத்தப்பட்ட தொலைபேசிகளுக்கும் இந்த 070 இலக்கங்கள் கொடுக்கப்பட்டிருந்ததால், நோயாளியைச் சுகம் விசாரிக்க அழைத்தவர்களுக்குப் பெரிய தொகை வந்தது. போதாக்குறைக்கு, பிரித்தானியாவுக்கு வெளியே இருந்துகொண்டு அங்கே இருப்பதுபோல நடிக்கும் மோசடிக்காரர்களுக்கும், ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்தி உங்களைத் திருப்பி அழைக்கவைத்துப் பணம் பறிப்பவர்களுக்கும் இந்த இலக்கங்கள் வசதியாக அமைந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஒஃப்கொம் 2018இல் இதில் தலையிட்டது. நிறுவனங்கள் தமக்குள் ஒன்றுக்கொன்று அறவிடும் மொத்தக் கட்டணத்தை, 2019 ஒக்டோபர் 1 முதல் சாதாரண கையடக்கத் தொலைபேசி அழைப்புக்குரிய அளவுக்கே குறைக்க வேண்டும் என்று அது உச்ச எல்லை விதித்தது.

இந்த எல்லை விதிக்கப்பட்ட இடம் நிறுவனங்களுக்கிடையிலான கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அழைப்பவரிடம் அவருடைய நிறுவனம் கேட்கும் சில்லறை விலை அதனால் தானாகவே குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. மாதத் திட்டத்தின் இலவச நிமிடங்களுக்குள் 070 அடங்குமா என்பதை அவரவர் கட்டணப் பட்டியலிலேயே பார்க்க வேண்டும். வெளிநாடுகளிலிருந்து அழைக்கும்போது, +44 70 என்ற தொடக்கத்தைச் சாதாரண பிரித்தானியக் கையடக்கத் தொலைபேசியிலிருந்து வேறாகத் தனிக் கட்டணப் பிரிவில் வைக்கும் நிறுவனங்களும் உள்ளன. திருகோணமலையிலிருந்து அழைப்பவருக்கு இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இலங்கையில் 070 என்பது மொபிட்டலின் சாதாரண கையடக்கத் தொலைபேசி இலக்கத்தின் தொடக்கம். 071, 077 என்பவற்றைப் போல அன்றாடம் கண்ணில் படுவது. ஆகவே மகன் அனுப்பிய புதிய இலக்கத்தில் 070 இருப்பதைப் பார்க்கும் தகப்பனுக்கு எந்தச் சந்தேகமும் எழாது. என்னுடைய தீர்ப்பு வெளிப்படையானது: புதிதாகச் சென்றிருக்கும் ஒருவர் 070 இலக்கம் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. எடுத்திருந்தாலும் அதை ஊருக்குக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எந்த வகை இலக்கம் பயன்படும்? லண்டனுக்குரிய 020, பேர்மிங்ஹாமுக்குரிய 0121 போன்ற சாதாரணப் பிரதேச இலக்கங்களையும் இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து, கையடக்கத் தொலைபேசிக்குத் திருப்பிவிட முடியும். அழைப்பவருக்கு அது ஒரு வீட்டுத் தொலைபேசியை அழைப்பது போன்றதே. பிரித்தானியாவுக்குள் அத்தகைய அழைப்பு பெரும்பாலான மாதத் திட்டங்களின் இலவச நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். இலங்கையிலிருந்து அழைக்கும்போதும் நிலையான தொலைபேசிக்கும் கையடக்கத் தொலைபேசிக்கும் வெவ்வேறு விலை வைத்திருக்கும் திட்டங்களில் முன்னதே பொதுவாக மலிவானது. 03 என்று தொடங்கும் இலக்கங்களுக்கும் பிரித்தானியாவில் இதே சாதாரணக் கட்டணம்தான், ஆனால் அவை நிறுவனங்களுக்கே பொருத்தமானவை. 084, 087 என்பவற்றில் அழைப்பவரிடம் சேவைக் கட்டணம் தனியாக அறவிடப்படுவதால் அவற்றை விட்டுவிடலாம்.

பிரதேச இலக்கத்தை வாடகைக்கு எடுப்பவர் இரண்டாவது அழைப்பின் செலவைத் தாமே ஏற்கிறார். மாத வாடகை குறைவாக இருந்தாலும், கையடக்கத் தொலைபேசிக்குத் திருப்பிவிடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனிக் கட்டணம் இருக்கக்கூடும். நிறுவனத்தின் செயலி வழியாக இணையத்தில் அழைப்பை ஏற்றால் அந்த நிமிடக் கட்டணம் இல்லாமலே போகலாம். ஆகவே சேருமுன் மாத வாடகை, திருப்பிவிடும் நிமிடக் கட்டணம், விலகும்போது இலக்கத்தை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. 2025 மே மாதத்தில் ஸ்கைப் நிறுத்தப்பட்டபோது, அதன் மூலம் இலக்கம் வைத்திருந்தவர்கள் அவசரமாக வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

சமையல் ஒப்பந்தம், பாட்டு வகுப்பு, பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பு, கட்டட வேலை என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கே இந்தச் செலவு உண்மையில் தகும். விளம்பரத்தில் போடும் இலக்கம் வேறு, வீட்டாருக்குத் தெரிந்த இலக்கம் வேறு என்று பிரித்துவைக்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் பின் தொழில் அழைப்புகள் வராமல் நிறுத்தலாம். கைப்பேசி தொலைந்தாலும் அழைப்புகளை மனைவியின் தொலைபேசிக்கு உடனே மாற்றலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு, 'எனது இலக்கம் மாறாதிருக்க வேண்டும்' என்பது மட்டுமே தேவையென்றால், அதற்குப் பணமே செலவாகாத வழி உண்டு. பிரித்தானியாவில் 2019 ஜூலை முதல், பழைய சிம் அட்டையிலிருந்து 65075 என்ற இலக்கத்துக்கு ஆங்கிலத்தில் PAC என்ற மூன்றெழுத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், மாற்றக் குறியீடு ஒன்று கட்டணமின்றி வந்து சேரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் பழைய இலக்கம் புதிய சிம் அட்டைக்கு வந்துவிடும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்திருந்தால், மேலே சொன்ன தாயார் கடைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, இங்கே விட்டுச்சென்ற இலங்கைச் சிம் அட்டை. அதற்கு வரும் அழைப்புகளைக் 'கோல் டைவேர்ட்' செய்து லண்டன் இலக்கத்துக்கு அனுப்பிவிட்டால் உறவினர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் பேசலாமே என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. நல்ல எண்ணந்தான், ஆனால் இரண்டாவது அழைப்பு வெளிநாட்டு அழைப்பாகையால், அதன் முழுக் கட்டணமும் சிம் அட்டையின் உரிமையாளருக்கே விழும். பேசவேண்டிய அம்மம்மாவின் அழைப்போடு கடன் அட்டை விற்பவரின் அழைப்பும் சேர்ந்தே திருப்பிவிடப்படும் என்பதால், போட்ட ரீலோட் இரண்டு நாட்களில் கரைந்துபோகலாம். வெளிநாட்டு இலக்கத்துக்குத் திருப்பிவிட நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். வாட்சப்பில் பேசக்கூடிய வீட்டுக்கு இந்த ஏற்பாடு வீண் செலவு. 026 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசியைத் தவிர வேறொன்றையும் பாவிக்கத் தெரியாத முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு மட்டும் அதை யோசிக்கலாம். அங்கேயும், பிள்ளை தன் பக்கத்திலிருந்து தினமும் குறித்த நேரத்தில் அழைப்பதே மலிவானது. லண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திருப்பிவிடுதல் குரல் அழைப்புக்கு மட்டுமே உரியது. குறுஞ்செய்தி அதனோடு வராது. இலங்கை வங்கிக் கணக்குக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய சிம் அட்டைக்கே வரும் என்பதால், திருப்பிவிட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் அதை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வங்கி அலுவல் உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய், சர்வதேச ரோமிங் வசதியைப் புறப்படுமுன் இயக்கிவைத்து, இலக்கம் செயலிழக்காத அளவுக்கு அவ்வப்போது ரீலோட் செய்துவந்தால் போதும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. குரல் அழைப்பை ஏற்றால்தான் கட்டணம் ஏறும். வாடகை இலக்கங்களைக் கடவுச்சொல் அனுப்புவதற்கு ஏற்காத வங்கிகளும் செயலிகளும் பல இருப்பதால், வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கும் உண்மையான சிம் அட்டையின் இலக்கத்தையே கொடுங்கள்.

ரோமிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடுக்காத அழைப்பைக் குரல் அஞ்சலுக்குத் திருப்பும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், கொழும்பிலிருந்து லண்டனுக்கு வந்த அழைப்பு நீங்கள் எடுக்காததால் மீண்டும் கொழும்புக்குத் திரும்பும். போனதற்கும் வந்ததற்கும் நீங்களே கட்ட நேரிடலாம். ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். *#21# என்று அழுத்தினால், எல்லா அழைப்புகளும் வேறெங்காவது திருப்பப்பட்டுள்ளனவா என்பது திரையில் தெரியும். *21* என்பதோடு ஓர் இலக்கத்தையும் # குறியையும் சேர்த்து அழுத்தினால் எல்லா அழைப்புகளும் அந்த இலக்கத்துக்குப் போய்விடும். மோசடிக்காரர்கள் நாடுவதும் இதைத்தான். பொதி வந்திருக்கிறது, இணைப்புத் துண்டிக்கப்படப்போகிறது என்று ஏதாவது சொல்லி, இத்தகைய குறியீடு ஒன்றை உங்களைக் கொண்டே அழுத்தவைத்தால், வாட்சப் உறுதிப்படுத்தலுக்காகக் குரல் அழைப்பில் வரும் குறியீடு அவர்கள் காதுக்குப் போய்ச் சேரும். அதன்பின் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடமே அவசரப் பணம் கேட்பார்கள். நட்சத்திரக் குறியோடு தொடங்கும் எதையும் இன்னொருவர் சொல்லி அழுத்தாதீர்கள் என்று இங்குள்ள பெற்றோருக்கும் சொல்லிவையுங்கள்.

நமது ஊர் வழக்கமான மிஸ்ட் கோலும் இங்கே கவனத்துக்குரியது. நேரடி இலக்கத்துக்கு இரண்டு முறை ஒலிக்கவிட்டு வைத்தால் செலவில்லை. திருப்பிவிடும் சேவைகள் சிலவற்றில், 'சற்றுப் பொறுங்கள், இணைக்கிறோம்' என்ற பதிவுக் குரல் பேசத் தொடங்கும்போதே அழைப்பு ஏற்கப்பட்டதாகக் கணக்கிடப்படும். நீங்கள் எடுக்காவிட்டாலும் அழைத்தவரின் ரீலோட் குறையும். அந்த அறிவிப்பை நிறுத்திவைக்க முடியுமானால் நிறுத்திவிடுங்கள்.

கனடாவில் நிலைமை வேறு. அங்கே கையடக்கத் தொலைபேசிக்கும் வீட்டுத் தொலைபேசிக்கும் ஒரே பிரதேசக் குறியீடுகள். டொரன்டோவின் 416, 647 என்பவற்றைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது, அழைப்பவருக்கு விலை வேறுபாடும் இல்லை. ஆனால் +1 என்ற நாட்டுக் குறியீட்டைக் கரீபியன் தீவுகள் பலவும் பகிர்ந்துகொள்வதால், ஜமேய்க்காவின் 876 போன்றவற்றிலிருந்து வரும் ஒற்றை மணி ஓசைக்குத் திருப்பி அழைத்தால் வெளிநாட்டுக் கட்டணம் விழும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கூகுள் வொய்ஸ் என்ற இலவசத் திருப்பல் இலக்கம் கிடைக்கிறது. அதைப் பெறுவதற்கு ஏற்கெனவே ஓர் அமெரிக்க இலக்கம் வேண்டும்.

திருப்பிவிடும் இலக்கம் ஒன்றைக் கைவிடும் நாள் வந்தால், அதை உடனே துண்டிக்காமல் புதிய இலக்கத்தோடு சேர்த்து மூன்று மாதங்களாவது வைத்திருங்கள். கைவிட்ட இலக்கம் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். அதனால் முதலில் வங்கியிலும், பிறகு வைத்தியரின் நிலையத்திலும் பிள்ளைகளின் பாடசாலையிலும், குடிவரவு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் சட்டத்தரணியிடமும் மாற்றுங்கள். வாட்சப்பில் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்காமல், அமைப்புகளில் உள்ள இலக்கத்தை மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் குழுக்களும் பழைய உரையாடல்களும் அப்படியே இருக்கும். ஊருக்குக் கொடுக்கும் புதிய இலக்கத்தை, முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கி, 0044 என்ற தொடக்கத்தோடு முழுமையாக எழுதி அனுப்புங்கள். வீட்டுத் தொலைபேசியில் கூட்டல் குறியை அழுத்த முடியாது.