காய்ந்த மரக்கறி கைவசம் இருந்தால்

ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற வீட்டில், காலையில் மரக்கறி வெட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் கரட்டும் போஞ்சியும் ஒவ்வொரு கிலோ கூடுதலாக வாங்கிவிடுவேன். மெல்லிதாக வெட்டி, கொதிநீரில் 2, 3 நிமிடம் போட்டெடுத்து, சுளகில் பரப்பி வெயிலில் வைப்பேன். கொதிநீரைத் தவிர்க்காதீர்கள், நிறம் மங்காமல் நிற்பது அதனால்தான். மேலே மெல்லிய துணி போடவேண்டும், இல்லாவிட்டால் காகத்துக்குத்தான் விருந்து. முருங்கை இலை மட்டும் நிழலில் காயட்டும். மாரியில் இந்த வேலை சரிவராது.

ஒரு கிலோ கரட் காய்ந்தால் 100 கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் தேறும். போஞ்சி மடக்கினால் டக்கென்று முறியவேண்டும். போத்தலில் அடைத்த பிறகு உள்பக்கம் ஈரம் பூத்தால் திரும்பவும் வெயிலில் போடுங்கள்.

சரி, சமையல். குளிக்கப் போகுமுன் ஒரு கைப்பிடியைச் சுடுநீரில் ஊறப்போடுங்கள். 20 நிமிடத்தில் பதமாகிவிடும். அந்தத் தண்ணீரோடே மைசூர்ப் பருப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்து அவியவிட்டு, தேங்காய்ப்பால் விட்டு, உப்புப் போட்டு, முருங்கை இலைத் தூள் ஒரு கரண்டி தூவி இறக்கினால் இடியப்பத்துக்குப் போதும். அப்புறம் தேசிக்காய் பிழிய மறக்கவேண்டாம். காயும்போது உயிர்ச்சத்து சி நிறையப் போய்விடும்.

கடையில் வாங்கிய பாவற்காய் வற்றல் என்றால் உப்பு கூட இருக்கும், அதை ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.