பழைய டெஸ்க்டாப்பில் எதை மாற்றினால் வேகம் கூடும்? காசு போடும் முன் பார்க்க வேண்டியவை

ஏழெட்டு வருடமாக ஓடும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறது, குரோமில் நாலு டேப் திறந்தால் திணறுகிறது என்றால் கடையில் முதலில் சொல்வது, "இது பழசு சார், புதுசா அசெம்பிள் பண்ணிடலாம்" என்பதுதான். அவசரப்படாதீர்கள். வீட்டு, அலுவலக வேலைக்கு வாங்கிய பல கம்ப்யூட்டர்களில் ப்ராசஸர் இன்னும் தெம்பாகத்தான் இருக்கும். அதைக் காக்க வைக்கும் பாகம் வேறொன்று. அது எது என்று செலவில்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம்.

உதாரணத்துக்கு, இன்றும் பல வீடுகளில் இருக்கும் ஒரு கூட்டணியை எடுத்துக்கொள்வோம்: 2015-ல் வந்த இன்டெல் ஐ5-6500 ப்ராசஸர், அது உட்காரும் எச்110 மதர்போர்டு, 4 ஜிபி ராம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி), 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தொட்டால், ராமின் வேகமும் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். வேகம் 1333 அல்லது 1600 என்றால் அநேகமாக டிடிஆர்3 என்ற பழைய வகை ராம். 2133, 2400, 2666 என்றால் அதற்கடுத்த டிடிஆர்4. இரண்டுக்கும் அடிப்பக்க வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மதர்போர்டின் மாடல் எண் பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எது காக்க வைக்கிறது?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தபடி, தினமும் செய்யும் வேலையைச் செய்யுங்கள். எக்செல், யூடியூப், டேலி, எதுவானாலும் சரி. இயந்திரம் திணறும் அந்த நொடியில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றின் சதவீதத்தையும் பாருங்கள்.

டிஸ்க் 100-ல் நிற்க, சிபியு 15, 20-ல் இருந்தால், ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் உடனே ஹார்ட் டிஸ்க் மீது பழி போட்டுவிடாதீர்கள், மெமரியையும் பாருங்கள். ராம் போதாவிட்டால் விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அதனாலும் டிஸ்க் 100 காட்டும். மெமரி 85, 90-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் ராமும் சேர்த்துத்தான் குறை. நம் 4 ஜிபி உதாரணத்தில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சிபியு நீண்ட நேரம் 100-ல் நின்றால் மட்டும் ப்ராசஸரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து ஃபேனில் படிந்த தூசியைத் தட்டி, ப்ராசஸரின் சூட்டை ஃபேன் பக்கம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சூடு ஏறினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாமல் ஓடும் மென்பொருள்களையும் நிறுத்திவிடுங்கள்.

படி 3: முதல் காசு எஸ்எஸ்டிக்கு

இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஓடுகிறது என்றால், வேறு எதையும் வாங்கும் முன் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் வேலையையே சிப்களில் செய்வது) வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கும் மேல் ஆகிறது. படிக்கும் முனை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் நொடிக்கு நூறு சொச்சம்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத்தான் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லாததால், விலை குறைந்ததுகூட நொடிக்குப் பல ஆயிரம் எடுத்துவிடும்.

பல எச்110 போர்டுகளில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராக போர்டிலேயே செருகும் இடம்) கிடையாது. அதனால் கேபிளில் இணைக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். உங்கள் போர்டில் எம்.2 இருந்தால், அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா மட்டுமா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸையும் மென்பொருள்களையும் இதில் போட்டு, படங்கள், கோப்புகளுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம். சாட்டா கேபிள் ஒன்று சேர்த்து வாங்க மறக்காதீர்கள். எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் இருக்காது.

படி 4: ராம்

8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. எச்110 போர்டில் இரண்டு ஸ்லாட்தான். ஒரே அளவில் இரண்டு ராம் போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி, ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில் இது நன்றாகவே தெரியும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயங்க வேண்டாம். மாட்டியதும், ராமில் பழுது இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், திருப்பித் தரும் நாட்கள் முடிவதற்குள்.

படி 5: மற்றவை, நிதானமாக

ஐ5-6500 இருக்கும் போர்டில் ஐ7-6700 உட்காரும். நான்கு கோர் அப்படியே இருந்தாலும், திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்) நான்கிலிருந்து எட்டாகும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு, பழையது மலிவாகக் கிடைத்தால் சரி. எட்டாம் தலைமுறை ப்ராசஸருக்கும் அதே 1151 பின்தான், ஆனால் இந்த போர்டில் ஓடாது. ஏஎம்டி ரைசன் ப்ராசஸருக்கான ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அந்த வகையில் பல பி450 போர்டுகளில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து ரைசன் 5 5600 போன்றவற்றையும் போடலாம்.

கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடுபவர்களுக்கும் வீடியோ வேலை செய்பவர்களுக்கும் மட்டும். அதை வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்-ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தாலும், 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தால், கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்து உண்மையில் கிடைப்பது 192 வாட்தான். ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை எடுக்கலாம். தனி பவர் கேபிள் கேட்கும் கார்டு என்றால் முதலில் நல்ல எஸ்எம்பிஎஸ். டெல், எச்பி, லெனோவோ அலுவலக மாடல்கள் பலவற்றில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், கடை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல். ஐ5-6500 போன்ற ஆறாம் தலைமுறைக்காரர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்பவர்களுக்கு அது அருமையாக ஓடும். விண்டோஸ் தேவைப்படும் டேலி போன்றவற்றை நம்பியிருப்பவர்கள் இன்னும் ஓரிரு வருடத்தில் புது இயந்திரம் வாங்க வேண்டியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அடுத்த இயந்திரத்துக்குக் கூட வருமா? எஸ்எஸ்டி வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் வரும், கிராபிக்ஸ் கார்டும் வரும். ப்ராசஸரும் டிடிஆர்3, டிடிஆர்4 ராமும் பெரும்பாலும் இந்த போர்டோடு நின்றுவிடும். கூட வருவதற்கு நல்லதாக வாங்குங்கள், வராததற்குப் பழையதே போதும்.