வருகைப் பதிவேட்டைத் தாண்டி: சின்ன அமைப்புகள் தங்கள் பலனை அளந்து காட்டுவது எப்படி?

நிதி கேட்டு எங்கே விண்ணப்பம் போட்டாலும் "உங்கள் பணியால் ஏற்பட்ட மாற்றத்தை விவரிக்கவும்" என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். இத்தனை கூட்டம் நடத்தினோம், இத்தனை பேர் வந்தார்கள் என்று அதை நிரப்பிவிடுகிறோம். அது நாம் பார்த்த வேலையின் கணக்கு. வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அங்கே கேள்வி.

எங்கள் குழுவுக்காக இதைச் செய்து பார்த்ததில் தேவைப்பட்டதை மட்டும் எழுதுகிறேன். புள்ளியியல் வேண்டாம், கூட்டலும் கழித்தலும் போதும். படிவம் உருவாக்குவது, எக்ஸெல் திறப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே ஒரு வாக்கியம்

யாருக்கு, என்ன செய்கிறோம், எது மாறும், ஏன் மாறும். "தனியாக வசிக்கும் முதியவர்கள் வாராவாரம் சேர்ந்து நடந்தால் பேச்சுத்துணை கிடைக்கும், அதனால் தனிமை உணர்வு குறையும்." இதைத்தான் ஆலோசகர்கள் 'தியரி ஆஃப் சேஞ்ச்' என்று அம்புக்குறி போட்டுப் பெரிய படமாக வரைவார்கள். தொடக்கத்துக்கு வாக்கியமே போதும். அதில் இல்லாத எதையும் அளக்காதீர்கள். வாரம் ஒருநாள் நடக்கும் குழு சர்க்கரை அளவு குறைந்ததா என்று தேடக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

படி 2: கேள்விகளை நீங்களே எழுதாதீர்கள்

"எங்கள் நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்டால் யார் முகத்துக்கு நேரே இல்லை என்பார்கள்? ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன.

என் முதல் தேர்வு மனநலத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'டபிள்யூஹெச்ஓ-5'. 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது, காசு கிடையாது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள்: மகிழ்ச்சியாக, அமைதியாக, சுறுசுறுப்பாக இருந்தேனா, எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி நான்கால் பெருக்க வேண்டும். ஒருவர் 2, 3, 1, 2, 2 போட்டால் கூட்டுத்தொகை 10, மதிப்பெண் 40. நூறுதான் உச்சம்.

தனிமைதான் உங்கள் விஷயம் என்றால் யூசிஎல்ஏ அளவுகோலின் மூன்று கேள்வி வடிவம் (3 முதல் 9 வரை, கூடினால் தனிமை அதிகம்). மனநலத்தை அளக்கும் வார்விக்-எடின்பரோ அளவுகோலின் ஏழு கேள்வி வடிவமும் நல்லது, ஆனால் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும், மதிப்பெண்ணை ஓர் அட்டவணை வைத்து மாற்றவும் வேண்டும். 'ஈக்யூ-5டி' என்று ஒன்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நடமாட்டம், வலி போன்றவற்றைக் கேட்கும். நோயாளிகளுக்குச் சரி. ஓரளவு நலமாக இருப்பவர்களிடம் கொடுத்தால் பலரும் தொடக்கத்திலேயே "பிரச்சினை இல்லை" என்று எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிடுவார்கள், அதற்கு மேல் ஏற இடமே இருக்காது.

எதை எடுத்தாலும் சொற்களை மாற்றாதீர்கள். முதல் கூட்டத்துக்கு முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கேளுங்கள். ஆண்டு விழா அன்று மட்டும் கேட்க வேண்டாம், அன்றைக்கு எல்லோரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள்.

படி 3: முன்னும் பின்னும் ஒரே ஆள்தானா?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. வழிகாட்டிகளில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

டபிள்யூஹெச்ஓ-5 கேட்டதில் தொடக்கத்தில் 30 பேர், சராசரி 48. முடிவில் 20 பேர், சராசரி 59 என்று வைத்துக்கொள்வோம். 11 புள்ளி உயர்வு! இந்த அளவுகோலில் 10 புள்ளி கூடினாலே குறிப்பிடத்தக்க மாற்றம் என்பார்கள். ஆனால் கடைசிவரை இருந்த அந்த 20 பேரின் தொடக்கச் சராசரியைத் தனியாகப் பார்த்தால் 55. அப்படியானால் உண்மையான உயர்வு 4தான். நடுவில் நின்றுபோன 10 பேரின் சராசரி 34. வாடிப்போயிருந்தவர்கள் கழன்றுகொண்டதால் சராசரி தானாக ஏறியிருக்கிறது.

ஆகவே இரண்டு தாளையும் ஆளோடு ஆள் இணைக்க வேண்டும். பெயர் எழுதச் சொன்னால் மனம்விட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு குறியீடு. அம்மாவின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த தேதி என்று அவர்களையே உருவாக்கச் சொல்லலாம், ஆனால் சரஸ்வதிக்கு ஒருமுறை ச, மறுமுறை ஸ என்று எழுதுவார்கள். சான்றிதழில் உள்ள பிறந்த தேதி வேறு, வீட்டில் சொல்வது வேறு. நான் விரும்புவது எண் போட்ட அட்டை: ஒருவர் மட்டும் பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தாளில் எண் மட்டும். இப்படி ஒரு பட்டியல் இருப்பதையும் அது யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குறியீடு எழுத்தில் தொடங்கட்டும். 0412 என்று தட்டினால் எக்ஸெல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 412 ஆக்கிவிடும். அப்புறம் ஒரு தாளில் உள்ள எண்ணை வைத்து இன்னொரு தாளில் மதிப்பெண்ணைத் தேடி எடுக்கும் 'விலுக்அப்' சூத்திரத்தைப் போடும்போது கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' கொடுக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் சரியான எண் கிடைக்காதபோது பக்கத்தில் உள்ள வேறொருவரின் மதிப்பெண்ணை எடுத்து வைத்துவிடும், பிழை என்று சொல்லவும் சொல்லாது.

கருவி என்று கேட்டால், இணைய வசதி இல்லாத இடத்தில் கேட்பதற்குக் கோபோடூல்பாக்ஸ். செல்போனில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். மற்றபடி கூகுள் ஃபார்ம் போதும். காகிதமும் மோசமில்லை.

படி 4: எவ்வளவு சொல்லலாம்?

"எங்களால் மாறியது" என்று எழுதாதீர்கள். மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் பலர் வந்து சேர்கிறார்கள், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அதில் கொஞ்சம் தானாகத் தேறும். காத்திருப்புப் பட்டியல் இருந்தால் அவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் "30 பேரில் 20 பேர் இரண்டு முறையும் பதில் சொன்னார்கள், அவர்களுக்கு இவ்வளவு கூடியது" என்று எழுதுங்கள். நின்றுபோனவர்களை மறைக்காத அறிக்கையை நிதி தருபவர்கள் அதிகம் நம்புகிறார்கள் என்பது என் அனுபவம்.

எண்ணோடு ஒரு கதையும் வையுங்கள். ரிக் டேவிஸ் வங்கதேசத்தில் உருவாக்கிய 'மோஸ்ட் சிக்னிஃபிகன்ட் சேஞ்ச்' முறை எனக்குப் பிடிக்கும். பங்கேற்றவர்களிடம் பெரிய மாற்றம் எது என்று கேட்டுக் கதைகளைத் திரட்டி, எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்பதையும் சேர்த்து எழுதுவது. அந்த 'ஏன்' இருந்தால்தான் நல்ல கதையை மட்டும் பொறுக்கி எடுத்த சந்தேகம் வராது.

செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் சமூகத்துக்கு இவ்வளவு ரூபாய் பலன் என்று காட்டும் 'எஸ்ஆர்ஓஐ' கணக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். நாம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது, மற்றவர்களின் பங்கு, பலன் ஆண்டுக்கு ஆண்டு தேய்வது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். அதற்கான தரவு சின்ன அமைப்பிடம் இருக்காது. ஊகத்தில் போட்டால் விடை எப்படி வேண்டுமானாலும் வரும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டலாமா? தாராளமாக. ஆனால் நிகழ்ச்சி நடத்துபவர் வாசிக்கக் கூடாது, அவர் மனம் நோகக்கூடாது என்று மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வார்கள். இன்னொன்று, ஒருவருக்கு மதிப்பெண் மிகக் குறைவாக வந்தால்? டபிள்யூஹெச்ஓ-5இல் 50 அல்லது அதற்குக் கீழே என்றால் மனநிலையை மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொருள், நோய் என்று முடிவுகட்ட முடியாது. யாரிடம் அனுப்புவது, யார் பேசுவது என்பதை முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தாள்களை மாதக் கடைசியில் மொத்தமாகக் கூட்டும் பழக்கமும் வேண்டாம், வாங்கிய அன்றே கூட்டிவிடுங்கள்.