செங்கல்லில் விரல் தடம்: பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்லஸ்டன் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே பழைய சுவர்களை உற்றுப் பார்த்தால், சில செங்கற்களில் விரல் பதிந்த குழிகள் தெரியும். அடிமை முறை ஒழிந்த 1865 வரை, அந்த வட்டாரத்துச் சூளைகளில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் குழிகளைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நல்லதுதான். படத்துக்குக் கீழே எழுதுவதில்தான் சறுக்குகிறார்கள்.

"இங்கிலாந்திலிருந்து கப்பலில் பாரத்துக்காக ஏற்றி வந்த செங்கல்" என்பது ரொம்ப நாளாக உலவும் கதை. கொஞ்சம் கல் அப்படி வந்திருக்கலாம், சரி. ஆனால் ஊரைக் கட்டியது உள்ளூர்க் கல். வாண்டோ, கூப்பர் ஆற்றோரங்களில் களிமண் இருந்தது, விறகு இருந்தது, படகு போக வழி இருந்தது. பூன் ஹால் தோட்டத்தில் மட்டும் 1850 வாக்கில் 85 அடிமைகளின் உழைப்பில் ஆண்டுக்கு 40 லட்சம் கல் வெளிவந்தது. இதையே "ஹார்ல்பெக் சகோதரர்கள் தயாரித்த செங்கல்" என்று எழுதுவது அடுத்த தவறு. அவர்கள் முதலாளிகள். சேறு வேறு யாருடைய கையிலோ ஒட்டியது.

விரல் தடம் சின்னதாக இருந்தால் உடனே "குழந்தையின் கை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கல்லைச் சுமந்து போய்ப் பரப்பும் வேலையில் சிறுவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் களிமண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். கல்லோடு சேர்ந்து தடமும் சுருங்கும். பெரியவர் விரலும் சின்னதாகத்தான் தெரியும். அளந்து பார்க்காமல் வயது சொல்லக்கூடாது. அப்புறம், அதைக் "கையெழுத்து" என்று உருகுவதும் வேண்டாம். பாதி காய்ந்த கல்லைப் புரட்டி நிறுத்தும்போது அழுந்திய விரல் அது, பெரும்பாலும் அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் தருவது "கூலி வேலை, யாரும் செய்யலாம்" என்ற பேச்சு. கூலியே கிடையாது என்பது ஒரு பக்கம். நம் ஊரில் கல் அறுக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள், மண்ணின் பதம் எத்தனை பேருக்குப் பிடிபடும் என்று. ஈரம் கூடினால் கல் சாயும், குறைந்தால் விரிசல் விடும். சூளை மூட்டிவிட்டால் பல நாள் இராப்பகலாக நெருப்பைக் கவனிக்க வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் அடுக்கிய கல் கருகி இறுகும், ஓரத்தில் இருப்பது வேகாமல் வெளுத்துப் போகும். எது வெளிச்சுவருக்கு, எது உள்ளே மறைக்க என்று பிரிப்பதற்கும் கண் வேண்டும்.

கடைசியாக, அப்படி ஒரு சுவர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு: இணைப்புகளில் சிமென்ட் பூசுவது. அந்தக் கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டது. சுவருக்குள் போன ஈரம் காரை வழியாக வெளியேறும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உப்பு பூக்கும், கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். விரல் தடம் இருப்பது அந்த முகத்தில்தான். மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தாலும் இதே கதிதான். சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை சுவரை அப்படியே விட்டு வையுங்கள்.