பழைய சைக்கிளுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சைக்கிளின் பிரேமுக்குப் புது வண்ணம் பூசி, அதில் தமக்குப் பிடித்த கோலத்தையோ கொடியையோ வரைய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஸ்பிரே கேன்களைத்தான். கேன் கைக்கு வந்துவிட்டால் பொறுமை போய்விடும். 120, 240, 400, 600 எண் வாட்டர் பேப்பர்களை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்களை) முதலில் வாங்கி, சுரண்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகு வண்ணம் வாங்கப் போவது நல்லது.

அதற்கும் முன்னால், வண்டிக்குப் புது வண்ணம் தேவைதானா என்று பார்க்க வேண்டும். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வந்த பழைய கறுப்பு வண்டிகளின் எனாமல், சூட்டில் இறுக வைக்கப்பட்டது. வீட்டில் நாம் பூசும் எதுவும் அந்த உறுதியை எட்டாது. பொன்னிறக் கோடுகள் இன்னும் தெளிவாக இருக்கும் வண்டியை மெழுகு போட்டுத் துடைத்து அப்படியே வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. வண்ணம் பூசியே தீர வேண்டும் என்றாலும், கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முழுவதும் சுரண்டி எடுப்பது வீண் உழைப்பு. துரு ஏறிய இடங்களை மட்டும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அவற்றைச் சுற்றியுள்ள விளிம்புகளை விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சரித்து, மற்ற பரப்பின் பளபளப்பை மட்டும் போக்கினால் போதும். தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்ய வேண்டும். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய சைக்கிளின் பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். அந்தத் தூளைக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் பறக்கவிடக் கூடாது.

வண்டியை முழுவதும் கழற்றாமல் சக்கரத்தையும் செயினையும் காகிதத்தால் மூடிவிட்டுப் பூசுவது அடுத்த தவறு. கழற்றும்போது பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். செயின் இருக்கும் பக்கத்துக் கப்புக்குத் திருகு மறை தலைகீழாக இருக்கும் என்பதால், அதை வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இடப்பக்கம் அழுத்துபவர்கள் கப்பை மேலும் இறுக்கிவிடுகிறார்கள். கழற்றிய பிறகு மறைகளுக்குள்ளும் சீட் கம்பி நுழையும் குழாய்க்குள்ளும் துணியைத் திணித்துவிட வேண்டும். உள்ளே வண்ணம் புகுந்தால் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. பிரேமில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை, பள்ளம் நிரப்பும் பட்டி வைத்து மறைத்துவிடவும் கூடாது.

தேய்த்துக் கழுவிய இரும்பில் சில மணி நேரத்திலேயே மஞ்சளாகத் துரு பூக்கும் என்பதால், நன்றாக உலர்ந்ததும் தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். துடைத்த பின் வெறுங்கையால் தொடவே கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகி, மீன்கண் போன்ற சிறு குழிகள் விழும். அலுமினிய பிரேமாக இருந்தால் ரெட் ஆக்சைடு பிரைமர் சரிவராது. அந்த உலோகத்துக்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது பொருந்தாத பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதுதான். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும் வண்ணம். ஓரிரவில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டாலும், உள்ளே முழுமையாக இறுகப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். ஸ்பிரே கேனில் வரும் பல வண்ணங்களும், மேலே பூசும் நிறமற்ற பூச்சான கிளியரும் வீரியம் மிக்க கரைப்பானில் கலந்தவை; இறுகாத எனாமலை அது இளக்கிவிடும். என் தாத்தாவின் 22 அங்குல வண்டிக்குத் தூரிகையால் பச்சை எனாமல் பூசி, மூன்றாம் நாளே மேலே ஸ்பிரே கிளியர் அடித்தேன். பத்து நிமிடத்துக்குள், ஆறிய பாலின் ஏடு சுருங்குவதுபோல மேல்குழாய் முழுவதும் சுருங்கி எழுந்தது; மறுபடி இரும்புவரை தேய்க்க வேண்டியதாயிற்று. பிரைமர், வண்ணம், கிளியர் மூன்றையும் ஒரே வகையில் வாங்குவதும், ஒரு பழைய தகரத் துண்டில் மூன்றையும் முதலில் பூசிப் பார்ப்பதும் இந்த விபத்தைத் தவிர்க்கும்.

கேனை ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினால் வண்ணம் ஒழுகும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, குழாயின் ஓரத்துக்கு வெளியிலேயே தொடங்கி வெளியிலேயே முடித்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பூசினால், விரைவில் உலரும் வண்ணங்களில் ஈரம் படிந்து வெளுத்த மங்கல் தட்டும். பனி விலகிய காலை வேளையே உகந்தது.

இனி வரைவது. காகிதத்தில் அழகாக இருக்கும் கோலம் குழாயில் காணாமல் போய்விடும். ஓர் அங்குல விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 8 சென்டிமீட்டர்தான். அதிலும் பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரமே தெரியும். ஒரு காகிதத்தைக் குழாயைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் வரைந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் வண்ணம் கசிவதைத் தடுக்க, டேப் ஒட்டியதும் அடிநிறத்தையே அந்த ஓரத்தில் மெல்லியதாக ஒருமுறை பூசலாம். கசிந்தாலும் அடிநிறமே கசியும் என்பதால் கோடு கூர்மையாக நிற்கும். வண்ணம் கல்லாக இறுகும்வரை காத்திருந்து டேப்பை உரித்தால் ஓரம் பிய்ந்துவரும். பூச்சு இன்னும் சற்று இளக்கமாக இருக்கும்போதே, டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெல்ல இழுக்க வேண்டும். கையால் கோடு இழுப்பவர்கள் நீளமுடித் தூரிகையைப் பிடித்து, சுண்டுவிரலைக் குழாயின் அடியில் ஓடவிட்டால் கை ஆடாது.

பூட்டும் அவசரம்தான் கடைசித் தவறு. கேரியர், ஸ்டாண்ட், பெல் ஆகியவற்றின் கிளாம்புகள் இளம் பூச்சை நசுக்கி வளையமாகத் தடம் பதித்துவிடும். குறைந்தது ஒரு வாரமாவது கழித்து, கிளாம்பு இறுகும் ஒவ்வோர் இடத்திலும் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையைச் சுற்றி, அதன்மேல் முடுக்க வேண்டும்.